சமூக அறிவியல் பட்டம்: எங்கே படிப்பது?

எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும், “அண்ணா, சமூக அறிவியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?” என்று தம்பி தங்கையர் நம்மிடம் கேட்பதுண்டு. நாம் படித்த இடத்தின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. அதைவிட, மூன்று கேள்விகளை அவர்களிடம் திருப்பிக் கேட்பதே நன்மை பயக்கும்.

முதலாவது, படித்து என்னவாக விரும்புகிறாய்?

சமூக அறிவியல் என்பது ஒரே பாடமன்று. சமூகவியல், மானுடவியல், அரசியல், பொருளியல், உளவியல், சமூகப்பணி எனப் பல துறைகளை உள்ளடக்கியது. ஆலோசகராக விரும்பும் மாணவர் உளவியலைத் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்புண்டு. ஆனால், மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்ய 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற வேண்டும். அதற்கு ஆலோசனைத் துறையிலேயே தகுதி வேண்டும். பொதுவான உளவியல் பட்டம் மட்டும் போதாது. இதனை இறுதியாண்டில் அறிந்து என்ன பயன்?

இரண்டாவது, அப்பாடம் அங்கே எந்தப் புலத்தில் உள்ளது?

1969இல் பினாங்கில் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் சமூகப்பணியும் சமூக அறிவியல் பள்ளியின் கீழ் வருகின்றன. சமூகப்பணிக் கல்வி அங்கு 1975ஆம் ஆண்டு முதல் உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பொருளியலைக் கலை, சமூக அறிவியல் புலத்தில் தேடினால் கிடைக்காது. அது வேறு புலத்தைச் சேர்ந்தது. ஆகவே, பாடப் பட்டியலையும் களப்பயிற்சிக் காலத்தையும் நேரில் பார்த்து ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, அப்பட்டத்திற்கு அங்கீகாரம் உண்டா?

தனியார் கல்லூரியை நாடுவோர்க்கு இது மிக முக்கியம். கல்லூரி பதிவு பெற்றிருப்பது வேறு. பாடத்திட்டம் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. 2007இல் அமைந்த எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டில் அப்பாடத்திட்டத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். புதிய பாடத்திட்டம் தற்காலிக அங்கீகாரத்துடன் தொடங்கும். முழு அங்கீகாரம் பிறகே கிடைக்கும். அரசுப் பணியை நாடுவோர் இவ்வேறுபாட்டைச் சேரும் முன்பே விசாரித்தறிய வேண்டும்.

பொருந்தாத படிப்பில் மூன்றாண்டுகள் கழிந்தாலும் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். தோட்டத்திலிருந்தோ சிற்றூரிலிருந்தோ, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்கு இவற்றைச் சொல்ல வீட்டில் ஆளிருக்காது. முன்னாள் மாணவர்களே, அந்த இடத்தை நாம் நிரப்புவோம். விண்ணப்பம் அனுப்பும் முன் ஒரு மணி நேரம் அவர்களுடன் அமர்ந்து பாடப் பட்டியலைப் படித்துக் காட்டுங்கள்.