அன்றாட மேசைக்கு ஒரு சிவப்பு ஒயின்

தென்கிழக்கு பிரான்சில் ரோன் ஆற்றின் இரு கரைகளிலும் விளையும் திராட்சையிலிருந்து வருவது கோத் து ரோன். 1737-இலேயே ரோக்மோர் துறையில் ஏற்றப்படும் பீப்பாய்களில் சி.டி.ஆர். என்று சூட்டுக்குறி இட வேண்டும் என அரசாணை இருந்தது. சட்டப்படியான எல்லை 1937-இல் வந்தது. கிரெனாஷ் முதன்மைத் திராட்சை, சிராவும் மூர்வெட்ரும் துணை. பிரெஞ்சு வீடுகளில் சாப்பாட்டோடு அதிக யோசனையின்றித் திறக்கப்படும் புட்டிகளில் இதுவும் ஒன்று.

இத்தகைய ஒயினில் முதலில் தேட வேண்டியது நயமல்ல, குறை. குறையற்ற மலிவு ஒயின் பாதிக் கிணறு தாண்டியதற்குச் சமம்.

குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் சுழற்ற இடமிருக்காது. ‘அறை வெப்பம்’ என்ற பழைய அறிவுரை குளிர்நாட்டு வீடுகளுக்கானது. 30 பாகையில் வைத்த சிவப்பு ஒயினில் ஆல்கஹால் மட்டுமே மூக்கைத் தாக்கும். குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்வித்து, 16 பாகை அளவில் ஊற்றுவது நல்லது.

நிறம் வெளிறியிருப்பதைக் கண்டு ஒதுக்குவது பலர் செய்யும் பிழை. கிரெனாஷின் தோலில் சாயம் குறைவு. அடர்நிறம் தரத்துக்குச் சான்றல்ல. ஆனால் ஓரிரு ஆண்டே ஆன ஒயினின் விளிம்பு செங்கல் பழுப்பாக இருந்தால், வெயிலிலோ காற்றுப்பட்டோ கெட்டிருக்க வாய்ப்பு உண்டு.

வாசனையில் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, சிரா கூடுதலாக இருந்தால் மிளகு. மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் நெடி வந்தால் கார்க் கெட்டிருக்கிறது; டி.சி.ஏ. என்ற சேர்மம் காரணம். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது போகாது, புட்டியைத் திருப்பிக் கொடுப்பதே வழி. வினிகர் அல்லது நகப்பூச்சு நீக்கியின் காரமும் அப்படியே. தீக்குச்சி உரசிய வாடை வேறு வகை: காற்றுப்படாமல் அடைபட்டதால் வருவது, குவளையைச் சில நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த வாடையையும் கெட்ட கார்க்கின் நெடியையும் குழப்பிக்கொண்டு நல்ல புட்டியைக் கொட்டிவிடுவோர் உண்டு.

வாயில்தான் உண்மையான தேர்வு. துவர்ப்பைத் தனிச்சுவையாக எண்ணிப் பழகிய தமிழ் நாக்குக்கு டானினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாவல்பழம் தின்றபின் நாக்கு உலர்வதுதான் அது. டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வழவழப்பு போய்விடுகிறது. ஈறைப் பிடித்து இழுக்காமல் மெல்ல உலர்த்தினால் போதும். எச்சில் ஊறச் செய்யும் புளிப்பு இல்லாவிட்டால் ஒயின் சவசவவென்று இருக்கும். தொண்டையில் எரிச்சல் தெரிந்தால் லேபிளில் ஆல்கஹால் அளவைப் பார்க்க வேண்டும். வெயிலில் சர்க்கரை ஏறப் பழுக்கும் கிரெனாஷ் 14 சதவீதத்தை எளிதில் தொடும். சில மலிவு ஒயின்களில் கரகரப்பை மறைக்கச் சிறிது இனிப்பு விடப்படுவதுண்டு. முதல் மிடறில் அது நட்பாகத் தெரியும், மூன்றாவது மிடறில் திகட்டும். அதனால் ஒரு வாயில் தீர்ப்புச் சொல்வது தவறு.

பிறகு உணவு. வெறுவாயில் முரடாகத் தெரிந்தது பாலாடைக்கட்டியோடும் ஆட்டிறைச்சியோடும் இளகிவிடும். கொழுப்பும் உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். மிளகாய்க் காரமோ ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். காரக் குழம்புக்கு அருகில் இந்த ஒயினை வைத்துச் சோதிப்பது அதற்கு அநீதி.

இரண்டு மூன்று புட்டிகளை ஒப்பிடும்போது காகிதம் சுற்றி லேபிளை மறைத்துவிட வேண்டும். விலை தெரிந்த நாக்கு நேர்மையாக இருப்பதில்லை. மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மீண்டும் சுவைக்கலாம். பழச்சுவை நின்றிருந்தால் அந்தப் புட்டியில் இன்னும் இரண்டு வாங்கலாம். பெட்டி பெட்டியாக அடுக்க வேண்டாம்: இவ்வகையில் பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை.