மூடுலை மேம்படுத்தப் போகிறவர்களுக்கு

கல்லூரியின் மூடுல் தளத்தை 4.1இலிருந்து 4.5க்கு ஏற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், அவசரமும் வேண்டாம். இந்த வேலையிலேயே நரைத்தவன் சொல்கிறேன்.

1. மூடுல் மேலே ஏறும், கீழே இறங்காது. மேம்படுத்தும்போது தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பே மாறிவிடும். அதன்பின் பழைய நிரலைக் கொண்டுவந்து வைத்தால் இயங்க மறுக்கும். திரும்பி வர உள்ள ஒரே வழி பேக்கப்.

2. பேக்கப் என்றால் மூன்று: நிரல் கோப்புறை, தரவுத்தளம், மூடுல்டேட்டா. மாணவர்கள் ஏற்றிய கோப்புகள் கிடப்பது மூன்றாவதில். தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டு மூன்றையும் சேர்த்தே எடுங்கள்.

3. எடுத்ததை வேறொரு சர்வரில் மீட்டுப் பாருங்கள். எனக்கு இந்தப் புத்தி தாமதமாகத்தான் வந்தது. ஒரு கல்லூரியில் டம்ப் கோப்பு பத்திரமாக இருந்தது. ஒத்திகைக்காக மீட்டால், தமிழில் கேட்ட வினாக்கள் எல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்! டம்ப் எடுத்த கட்டளையில் எழுத்துக்குறியீடு லத்தீன்1 என்று இருந்திருக்கிறது. யுடிஎஃப்8எம்பி4 என்று இருந்திருக்க வேண்டும். அசல் தளம் அப்போது உயிரோடு இருந்ததால் பிழைத்தேன்.

4. மீட்ட நகலே ஒத்திகைத் தளம். அதன் கான்ஃபிக் கோப்பில் தள முகவரி, தரவுத்தளப் பெயர், மூடுல்டேட்டா பாதை மூன்றையும் மாற்றுங்கள். மின்னஞ்சலையும் அடைத்துவிடுங்கள். மறந்தால், நள்ளிரவில் அந்த நகல் நிஜ மாணவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும். காலையில் துறைத்தலைவர் உங்களைத் தேடுவார்.

5. மூடுல் 4.1, பிஎச்பி 7.4 முதல் 8.1 வரை ஓடும். 4.5க்கு 8.1 முதல் 8.3 வரை. இரண்டுக்கும் பொதுவானது 8.1. முதலில் பழைய தளத்தை அதற்கு மாற்றிச் சில நாள் ஓட விடுங்கள், பிறகு மூடுலைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே இரவில் மாற்றினால் எது உடைத்தது என்றே தெரியாது. 4.5க்கு ஏற உங்களிடம் குறைந்தது 4.1.2 இருக்க வேண்டும்.

6. 4.5க்கான பதிப்பு இன்னும் வராத பிளகின் இருந்தால் அதை ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. இனி மேம்படுத்தல்: முதலில் ஒத்திகைத் தளத்தில், பிறகு அசல் தளத்தில். புதிய நிரலைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். நீக்கப்பட்ட கோப்புகள் உள்ளேயே தங்கி வம்பு செய்யும். பழைய கோப்புறையைப் பெயர் மாற்றி ஒதுக்கி, புதியதைத் தனியே விரித்து, கான்ஃபிக் கோப்பையும் புதிய பதிப்புக்கான பிளகின்களையும் மட்டும் அதில் வையுங்கள். மேம்படுத்தும் கட்டளையை டெர்மினலில் கொடுங்கள்; பெரிய தளமென்றால் பிரவுசர் பாதியில் கைவிடும்.

8. அட்மின் கணக்கில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். தளத்தைத் திறந்ததும் சோதனை மாணவர் கணக்கில் நுழைந்து ஒரு வினாடிவினா எழுதுங்கள், ஒரு கோப்பை ஏற்றுங்கள், கிரான் ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவரை ஒதுக்கிவைத்த பழைய கோப்புறையை அழிக்காதீர்கள்.