குருதிக் கொழுப்பும் இதய நலமும்: சென்னை கற்பிக்கும் பாடம்

கொழுப்பு என்னும் சொல் தமிழில் இருவகைப் பொருளில் வழங்குகிறது. உடலிலுள்ள நிணத்தைக் குறிப்பது ஒன்று. செருக்கைக் குறிப்பது மற்றொன்று. பிறருடைய செருக்கை நாம் எளிதில் அளந்துவிடுகிறோம். ஆனால் நம் குருதியிலுள்ள கொழுப்பின் அளவை நம்மில் பலர் அறியோம். மெலிந்த உடலினர்க்கும் அது மிகுந்திருக்கலாம். குருதியைச் சோதித்தாலன்றி அதனை அறிய இயலாது.

கொலஸ்டிரால் நமக்குப் பகையன்று. உயிரணுக்களின் சவ்விற்கும் பித்தநீருக்கும் அது இன்றியமையாதது. பெரும்பகுதியைக் கல்லீரலே ஆக்குகிறது. நீரில் கரையாத அப்பொருளைப் புரதத் துகள்கள் சுமந்து செல்கின்றன. அவற்றுள் எல்.டி.எல். மிகுந்தால் தமனிச் சுவரில் கொழுப்புப் படிகிறது. எச்.டி.எல். மிஞ்சிய கொழுப்பைக் கல்லீரலுக்கு மீட்டுச் செல்கிறது. படிவு பல்லாண்டுகள் வலியின்றி வளர்ந்து, ஒரு நாள் வெடித்து, அங்கே குருதி உறையும்போது மாரடைப்பு நேர்கிறது.

ஆய்வுக்கூட அறிக்கையில் மொத்த அளவை மட்டும் காண்பது போதாது. எடுத்துக்காட்டாக, இருவருக்கும் மொத்தக் கொலஸ்டிரால் 200 மில்லிகிராம் எனக் கொள்வோம். ஒருவருக்கு எச்.டி.எல். 60, டிரைகிளிசரைடு 100, மற்றவருக்கு எச்.டி.எல். 30, டிரைகிளிசரைடு 250. மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்.டி.எல். கிடைக்கும். இருவருக்கும் அது 120 என்றே வரும். எனினும் எச்.டி.எல். நீங்கிய கொலஸ்டிரால் முன்னவர்க்கு 140, பின்னவர்க்கு 170. ஆகவே பின்னவரே மிகுந்த இடரில் உள்ளார். தெற்காசியரிடம் இத்தகைய குறைந்த எச்.டி.எல்., மிகுந்த டிரைகிளிசரைடு நிலை பரவலாகக் காணப்படுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1996-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு, தியாகராய நகரில் குறைந்த வருவாயினர் வாழும் ஒரு குடியிருப்பையும் திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் ஒரு குடியிருப்பையும் எடுத்துக்கொண்டது. இருபது வயது நிரம்பிய 1,262 பேரை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 11 பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. நீரிழிவு உடையோரிடம் அது 21.4 விழுக்காடு. அந்நோயோடு தொடர்புடையனவாக வயதும் எல்.டி.எல். அளவும் தனித்து நின்றன. வயதை மாற்ற இயலாது, எல்.டி.எல். அளவை மாற்றலாம்.

அதன் பின்னர் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. திருமங்கலக் குடியிருப்பினர் ஆய்வாளர் அறிவுரை கேட்டுத் தம் பொருளிலேயே பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். பத்தாண்டுகளில் அங்கு நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 ஆயிற்று. தியாகராய நகரின் எளிய குடியிருப்பிலோ அது 6.5 விழுக்காட்டிலிருந்து 15.3 ஆயிற்று. செல்வர் நோய் என்று நாம் எண்ணியிருந்தது எளியோர் வீட்டிலும் புகுந்துவிட்டது.

இந்திய இதயவியல் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பதினெட்டு வயதிலேயே முதற் சோதனை செய்துகொள்ளுமாறு கூறுகிறது. பெற்றோர்க்கு இளமையில் மாரடைப்பு வந்திருப்பின் அதற்கும் முன்னரே செய்தல் நலம். பன்னிரண்டு மணி நேரம் உண்ணாதிருத்தல் பெரும்பாலோர்க்கு இனித் தேவையில்லை. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மீண்டும் சோதிப்பர். பொது மக்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், இடர் மிக்கோர்க்கு 70-க்குக் கீழும் இருத்தல் இலக்காகும். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

நோய் எது, அதன் காரணம் எது, தீர்க்கும் முறை எது என ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உணர்த்தும் நெறி. குருதிச் சோதனை முதற்படி மட்டுமே. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் ஆய்வுக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அறிக்கையைப் பேழையில் பூட்டி வைத்தால் பயன் என்ன? மாணவர்கள் தம் பெற்றோரின் அறிக்கையை வாசித்து விளக்குக. சமுதாயப் பெரியோர் விருந்துக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை எளியோர் குடியிருப்பில் சோதனை முகாமுக்கும் நடைபாதைக்கும் ஒதுக்குக. திருமங்கலத்தார் தமக்காகச் செய்ததை, நாம் பிறர்க்காகவும் செய்வோமாக!