மரத்தினுள் எழும் ஓசையும் நீரோட்டமும்

அரக்கோணம், திருத்தணி வட்டாரங்களில் கோடைக்காலத்தே கிணற்று நீர் மட்டம் இறங்கிவிட்டால், மேலே வைத்த பம்பு ஜலத்தை இழுக்க மறுத்துவிடுவதைக் குடியானவர்கள் நன்கறிவார்கள். மேலிருந்து உறிஞ்சும் பம்பு எதுவாயினும் சுமார் 34 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து ஜலத்தை இழுக்கமாட்டாது. அங்ஙனமாயின், 60 அடி உயர்ந்த பனையின் குருத்துக்கு வேரிலிருந்து ஜலம் ஏறுவது எவ்வாறு?

இக்கேள்வியைக் குறித்து நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. 1917-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், மரத்தின் உயிரணுக்கள் துடித்து ஜலத்தை மேலே தள்ளுகின்றன என்று 1923-இல் வெளியிட்ட நூலில் கூறினார். பிற்கால ஆராய்ச்சிகள் அதனை ஆதரிக்கவில்லை. 1894-இல் டப்ளின் நகரத்து டிக்ஸன், ஜோலி என்போர் கூறிய கொள்கையே நிலைபெற்றது. அஃதாவது, இலைகளிலிருந்து ஜலம் ஆவியாகப் போகும்போது, மரத்தின் நுண்குழாய்களிலுள்ள ஜலம் அறுபடாத சரடுபோல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மேலே இழுக்கப்படுகிறது. முன்னாளில் கவலை ஏற்றத்தில் வடக்கயிறு சாலை இழுத்துவந்ததை இதற்கு ஒப்பிடலாம்.

அளவுக்கு மீறிய பாரம் ஏற்றினால் கயிறு அறும். அதுபோலவே, மண்ணில் ஈரம் குறைந்து, வெயிலும் வறண்ட காற்றும் மிகும்போது நீர்ச்சரடும் அறுகிறது. அறுந்த குழாயில் குமிழி நிறைந்துவிடுவதால் அது ஜலத்தைக் கடத்தாது. அறும் கணத்தில் ஒரு சிறு அதிர்வு உண்டாகிறது.

இவ்வதிர்வைச் செவியால் கேட்கும்படி செய்தவர்கள் மில்பர்ன், ஜான்சன் என்னும் இரு தாவர சாஸ்திரிகள். 1966-இல் வெளியான அவர்களது பரிசோதனைக்கு உதவியது, நிலக்கடலைக் கொல்லையின் ஓரங்களில் நாம் விதைக்கும் ஆமணக்கே. வாடும் இலையில் அதிர்வை உணரும் கருவியைப் பொருத்தி, ஓசையைப் பெருக்கிக் கேட்டபோது 'டக், டக்' என்னும் ஒலி எழுந்தது. ஜலம் கொடுத்தவுடன் ஒலி அடங்கியது. 1983-இல் டைரீ என்பவரும் மற்றொரு டிக்ஸனும், மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலியைக் கருவியால் பதிவு செய்து, இம்முறையை மரங்களுக்கும் பயன்படுத்தினர். 2023-இல் இஸ்ரேல் நாட்டு டெல் அவிவ் சர்வகலாசாலையார், ஜலமின்றி வாடும் தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 முறை வரை நுண்ணொலி எழுப்புவதையும், நன்கு நீர் பாய்ந்த செடிகள் ஒருமுறைகூட எழுப்புவது அரிதென்பதையும் வெளியிட்டனர்.

ஆயினும் ஒலிகளை எண்ணி, அத்தனை குழாய்கள் அறுந்தன என்று கணக்கிடுதல் கூடாது. நீர் கடத்தாத நார்ப்பகுதிகளும் உலரும்போது ஒலி எழுப்பக்கூடும். ஆகவே இக்கருவியை இன்றே வாங்கித் தோப்பில் வைக்கவேண்டுமென்பதில்லை. அது கற்பிக்கும் பாடத்தைக் கைக்கொள்வதே முக்கியம்.

அப்பாடம் யாதெனில், பகலில் துவண்ட இலை மாலையில் நிமிர்ந்ததைக் கொண்டு மரத்துக்குச் சேதமில்லை என்று எண்ணலாகாது என்பதே. குமிழி நிறைந்த குழாய்களுள் பல மறுபடியும் ஜலம் கடத்தாமலே போகலாம். மரம் புதுக்குழாய்களை வளர்த்தே அக்குறையைத் தீர்க்கவேண்டும். வேர் ஆழப் பாயாத இளம் ஒட்டு மாங்கன்றுகளுக்கு இதனால் நேரும் நஷ்டம் பெரிது.

ஆகையால் கன்று துவளும்வரை காத்திராமல், பாத்தியில் இரண்டு அங்குல ஆழத்து மண்ணைக் கிளறிப் பார்த்து, ஈரம் வற்றுமுன் நீர் பாய்ச்சுக. அடிமரத்தைத் தொடாமல் சருகு மூடாக்கு இடுக. தென்மேற்குத் திசையில் பனையோலைத் தட்டி நட்டுப் பிற்பகல் வெயிலை மறைக்க. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கன்று நடும் கிராம அதிகாரிகள், மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, முதல் கோடை கழியும்வரை ஜலம் ஊற்ற ஏற்பாடு செய்தல் அவசியம். மரத்தின் ஓசை நம் செவிக்கு எட்டாது. மண்ணின் ஈரமோ கைக்கு எட்டும்.