காப்பீட்டு அட்டை: நோய் வரும் முன்பே கையில் இருக்கட்டும்

"நல்லாத்தானே இருக்கோம், அட்டை எதுக்கு?" ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையிலும் இராஜபாளையம் நூற்பாலை வாசலிலும் கேட்கும் பேச்சுதான் இது. நெஞ்சுவலி வந்த பிறகு சான்றிதழுக்கு அலைவது எவ்வளவு சிரமம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருகிறது. ஆண்டு வருமான வரம்பு 2022-ல் ரூ.72,000-லிருந்து ரூ.1,20,000 ஆக உயர்ந்தது. முன்பு "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவரா நீங்கள்? மறுபடியும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

என்ன கிடைக்கும்? குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளைக் கட்டணம் செலுத்தாமல் பெறலாம். இது ஆளுக்கு ஐந்து லட்சம் அல்ல, குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான். அட்டை எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கும் பொருந்தும். திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். சாதாரணக் காய்ச்சல், சளிக்கு இதில் இடமில்லை. அதற்கு அரசு மருத்துவமனை இருக்கிறது.

எப்படிப் பெறுவது? குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்லுங்கள். சிவகாசி வழியாகப் பஸ் ஏறிப் போய்வர ஒரு நாள் கூலி போகும்தான். ஆனால் அறுவை சிகிச்சைக்கு நகையை அடகு வைப்பதை நினைத்தால் அது சின்னச் செலவு. கிளம்பும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதா? அப்போதும் இரண்டு வழிகள் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை இருக்கிறதா, எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. 70 வயது நிறைந்தவர்களை வருமானம் பாராமல் சேர்க்கும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது.

எல்லோருக்கும் மருத்துவம் என்பது இப்படி ஒவ்வொரு படியாகத்தான் விரிகிறது. உங்கள் வீட்டுப் படியை நீங்கள்தான் ஏற வேண்டும். இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள்: அட்டை இருக்கிறதா? வீட்டில் எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா?