கூட்டத்தில் நமது கடையைப் பற்றிப் பேசலாமா?

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் வர்த்தகர் சங்கக் கூட்டமொன்றில் கடைத் திருட்டுகள் பற்றிய பேச்சு வந்தது. எல்லோரும் கமரா பூட்டுவது நல்லது என்று முடிவானது. உடனே ஓர் உறுப்பினர் எழுந்து கொழும்பிலுள்ள ஒரு கடையின் பெயரைச் சொல்லி, "நம்பிக்கையான இடம், விலையும் நியாயம்" என்றார். ஏழெட்டுப் பேர் அங்கேயே வாங்கினோம். கமராவில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் அவருக்குப் பாதிப் பங்கு இருப்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. அதன் பின்னர் அவர் மட்டுமல்ல, யார் எழுந்து எதைச் சிபாரிசு செய்தாலும் "இதில் இவருக்கு என்ன பங்கோ?" என்று பக்கத்தில் இருப்பவர் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்.

"அது என்னுடைய கடைதான்" என்று அன்றே அவர் சொல்லியிருந்தால் நாம் வாங்காமல் விட்டிருப்போமா? நான் நிச்சயம் வாங்கியிருப்பேன். தெரிந்தவர் கடை என்றால் பழுது வந்தாலும் போய்க் கேட்கலாம் அல்லவா!

தன் பொருளைப் பற்றித் தானே பேசுவது குற்றமல்ல. வியாபாரி பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? சொந்தத் தொடர்பை மறைத்துவிட்டு நடுநிலையாளர் போலப் பேசுவதே பிழை. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை மாட்டிவிடும் 'நஜ்ஷ்' முறையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆளை ஏற்பாடு செய்து பொருளைப் புகழ வைப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே என்பர். நமது நாட்டுச் சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரத்தில் பாவனையாளரையோ மற்றொரு வியாபாரியையோ தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. 'மற்றொரு வியாபாரி' என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது, இடத்துக்கு இடம் ஒழுங்கு வேறுபடும். பள்ளிவாசலுக்குள் விற்பதும் வாங்குவதும் கூடாது என்பது நாமறிந்ததே. சங்கங்களின் நிலைமை அவ்வளவு தெளிவாக இராது. றோட்டரிக் கழகத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி அதை ஆரம்பித்தபோது, அங்கத்தவர்களின் வியாபார நலன் அதன் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று பதிய ஒருவரையே நியமித்திருந்தனர். 1906இல் டொனல்ட் காட்டர் என்பவரைச் சேர அழைத்தபோது, தங்களுக்கு மட்டுமே பயன்படும் சங்கத்துக்கு எதிர்காலமில்லை என்ற கருத்தில் அவர் மறுத்துவிட்டார். அதன் பின்னரே நகரின் நலன் என்ற மூன்றாவது நோக்கம் சேர்ந்தது. நகர மண்டபத்தருகே பொது மலசலகூடம் அமைக்க முயன்றதே அவர்களது முதல் பொதுப்பணி. 1929இல் கொழும்புக்கு வந்தபோது அது சேவைக் கழகமாகவே வந்தது. மாறாக, 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பீ.என்.ஐ. அமைப்பு ஒருவருக்கொருவர் வியாபாரம் தேடிக் கொடுப்பதற்கென்றே உள்ளது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். அங்கே உங்கள் கடையைப் பற்றிப் பேசாவிட்டால்தான் ஆச்சரியப்படுவார்கள். ஆகவே புதிதாக ஓரிடத்தில் சேர்ந்தால் இரண்டு மூன்று கூட்டங்கள் வாய் திறக்காமல் பாருங்கள், அல்லது செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அளவும் முக்கியம். வங்கிக் கடன், வற் வரி, சுங்கத் தாமதம் என்று பேசும்போது காணாமல் இருந்துவிட்டு, புதுச் சரக்கு இறங்கிய வாரம் மட்டும் விலைப்பட்டியலுடன் வருபவரை எவரும் விரும்புவதில்லை. மற்ற நாட்களில் பிறர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒருநாள் தன் சரக்கைப் பற்றிச் சொன்னால் காது கொடுப்பார்கள். யாராவது தண்ணீர்த் தாங்கி பற்றிக் கேட்டால், எத்தனை லீற்றர், கூரை தாங்குமா என்பதை முதலில் சொல்லுங்கள். "நானும் விற்கிறேன், இன்ன இடத்திலும் இருக்கிறது" என்பது பிறகு வரட்டும். மற்றக் கடையின் பெயரைச் சொல்ல மனம் வராதுதான், எனக்கும் ஆரம்பத்தில் வரவில்லை.

மச்சான் கடை, மகன் கடை, கொமிஷன் தரும் கடை எல்லாம் நம் கடை போலத்தான்.

கமரா விவகாரத்துக்குப் பிறகு எங்கள் சங்கத்தில் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்கினோம். ஆளுக்கு ஒரு நிமிடம். தனக்கும் அந்தக் கடைக்கும் என்ன தொடர்பு என்பதே முதல் வசனமாக இருக்க வேண்டும். அந்தப் பழைய உறுப்பினர் கடந்த முறை எழுந்து, "இது என் மகனின் கடை" என்று ஆரம்பித்து இன்வேர்ட்டர் பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அவரிடம் விலை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.