பாறை வெடித்த இடத்தைக் காணல்: எல்லா மாணாக்கருக்கும் உரிய ஒரு பாடம்

கோலார் தங்கவயலின் பெரிய சுரங்கங்களுள் நந்திதுர்க் ஒன்று. இவ்வயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் பணி தொடங்கினர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் பெரிதும் அஞ்சியவற்றுள் ஒன்று பாறை வெடிப்பாகும். தாது வெட்டியெடுக்கப்பட்ட வெற்றிடத்தைச் சுற்றி, மேலுள்ள பாறையின் பாரம் குவிகிறது. தாங்கும் எல்லை கடந்ததும் பாறை திடீரென நொறுங்கிச் சிதறுகிறது. இதனால் உயிரிழந்தோர் பலர்.

வெடித்த இடத்தை விரைவில் அறிவது மீட்புப் பணிக்கு இன்றியமையாதது. வெடிப்பின் அதிர்வு கடினமான பாறையில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் பரவும். பல இடங்களில் பொருத்திய ஜியோபோன் என்னும் கருவிகளுக்கு அது வெவ்வேறு நேரங்களில் சென்று சேரும். அந்நேரங்களைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுவர். இவ்வயலில் 1988-இல் தொடங்கப்பெற்ற தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் இத்தகைய ஆய்வுகளை மேற்கொண்டது.

இக்கருத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து மட்டும் விளக்கினால், பார்வையற்ற மாணவன் விலக்கப்படுகிறான். வாய்மொழியால் மட்டும் விளக்கினால், செவிப்புலன் குன்றிய மாணவி விலக்கப்படுகிறாள். பள்ளி மைதானத்தில் நடத்தினால் இருவரும் பங்குகொள்ளலாம்.

வேண்டிய பொருள்கள்: ஒரு தமுக்கு, ஒரு கொடி, ஒரு நாணயம், ஓர் எட்டு இடைவெளிக்கு ஒன்றாக முடிச்சிட்ட நீண்ட கயிறு.

செய்முறை: வகுப்பை இரு குழுக்களாகப் பிரிக்க. இரண்டாம் குழுவினர் பள்ளிக் கட்டடத்தின் பின்னே காத்திருக்க வேண்டும். முதற்குழுவினர் மைதானத்தில் ஓரிடத்தில் நாணயத்தைப் புதைப்பர். ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று நிலையங்களில் மூவர் இருப்பர். நாணயம் உள்ள இடத்திலிருந்து மூன்று மாணாக்கர் ஒரே சமயத்தில் புறப்பட்டு, தாளத்திற்கு ஓர் எட்டாக, நிலையத்திற்கு ஒருவர் வீதம் நேராக நடப்பர். ஒவ்வொரு தாளத்திற்கும் தமுக்கு ஒலிக்கும், கொடியும் தாழும். ஒவ்வொருவரும் நிலையத்தை அடைந்த தாள எண் குறித்துக்கொள்ளப்படும்.

இரண்டாம் குழுவினருக்கு இம்மூன்று எண்கள் மட்டுமே தெரிவிக்கப்படும். எண் 12 எனில், அந்நிலையத்திலிருந்து 12 முடிச்சு நீளம் கயிற்றை நீட்டி, தரையில் குச்சியால் ஆழமாக வட்டவில் கீறுவர். மூன்று விற்களும் கூடும் இடத்தைத் தோண்டினால் நாணயம் கிடைக்கும்.

பார்வையற்ற மாணவன் முடிச்சுகளை விரலால் எண்ணுவான். கீறலைத் தடவி விற்கள் கூடும் இடத்தை அறிவான். செவிப்புலன் குன்றிய மாணவி கொடியைப் பார்த்து நடப்பாள். சக்கர நாற்காலியில் உள்ளவர் நிலையத்தில் கயிற்றின் முனையைப் பற்றியிருப்பார். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் பிள்ளைகள் தத்தம் மொழியில் எண்ணலாம். முடிச்சுகளின் எண்ணிக்கை மாறாது.

ஆசிரியர் இரண்டு செய்திகளை வலியுறுத்த வேண்டும். முதலாவது, விற்கள் ஒரு புள்ளியில் கூடாமல் பெரும்பாலும் ஒரு சிறு முக்கோணத்தையே அமைக்கும். எட்டுகள் சமமாக இராமையே இதற்குக் காரணம். அம்முக்கோணத்தை அழித்துவிடாமல், அளவையில் நேரும் பிழையின் அளவாக அதனைக் காட்டுக. இரண்டாவது, சுரங்கத்தில் அதிர்வு புறப்பட்ட நேரம் எவருக்கும் தெரியாது. கருவிகளை அடைந்த நேரங்களின் வேறுபாடே தெரியும். ஆழத்தையும் சேர்த்துக் காண வேண்டியிருப்பதால், குறைந்தது நான்கு கருவிகளேனும் தேவை.

பாடத்தின் முடிவில், கண்டறிந்த முறையை ஒவ்வொரு மாணாக்கரும் தமக்கு இயன்ற வழியில் விளக்கட்டும். பேச்சு, சைகை, கயிற்று அமைப்பு, எழுத்து ஆகிய நான்கையும் சமமாக மதிப்பிடுக.